நட்சத்திரத்தில் மடிப்பு விழவில்லை

அத்தியாயம் 4

ஒரு புகைப்படத்தை வக்கீலம்மா காலையிலிருந்து நேராகவும் தலைகீழாகவும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆபீசில் பாதி வேலை இப்படித்தான் நடக்கிறது.

வக்கீலம்மா கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தி ஏழு வருஷமாகிறது. ஒரு நீதிபதியிடம் அவர் முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்னார், அதோடு சரி. இப்போது துப்பறிகிறார். நான் முன்னாள் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். கண்ணாடியின் தடிமன் காரணமாக உலகத்துக்கே சோடாபுட்டி. அவருக்கு மூளை, எனக்கு வாய் என்று வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

புகைப்படத்தில் இருந்த தாள்தான் வழக்கு. நாலு நாளைக்கு முன், செயலகம் திறக்கும் வேளையில், அதன் பெரிய கதவில் ஒட்டியிருந்தது. தாளில் அச்சிட்ட ஒரு படம்: துணி காயப்போடும் கயிறு. அதில் கிளிப் மாட்டி பட்டைகளும் ஒரு நட்சத்திரமும் போட்ட நம் தேசியக் கொடி. பக்கத்தில் ஆளில்லாத ஒரு சட்டை, அதில் ஒரு பட்டன் மட்டும் வேறு நிறம். கொடியில் நட்சத்திரம் இடப்பக்கம் மேலே இருக்க வேண்டும். இதில் வலப்பக்கம் இருந்தது. நிறமும் பத்துத் தடவை துவைத்த மாதிரி வெளிறியிருந்தது.

"கொடியைத் திருப்பிப் போட்டு, சாயம் போனதாகக் காட்டி, வேண்டுமென்றே அவமதித்தது" என்று போலீஸ் எழுதியது. வரைந்தது யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. இந்த ஊரில் பலகையில் செதுக்கி அச்செடுக்கும் ஓவியர்களில் கொடிகளையே கருப்பொருளாக எடுத்துக்கொண்டவர் ஒருவர்தான். இரண்டு மணி நேரத்தில் ஓவியரை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பெண்ணும் "நான்தான் ஒட்டினேன்" என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். இன்று நாலு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிறார்கள். அந்த வாக்கியம் அப்படியே நின்றால் மூணு வருஷம் உள்ளே.

"டிவியில அந்த விமர்சகர் சொன்னதைக் கேட்டீங்களா மேடம்? தேசம் தன் மக்களுக்கு முதுகைக் காட்டுதாம். அதான் கொடி திரும்பியிருக்காம். அரை மணி நேரம் பேசினார். எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

"போலீஸும் அதையேதான் சொல்லுது. அவர் பாராட்டினார், இவங்க கேஸ் போட்டாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

கதவு தட்டப்பட்டது. எங்கள் கட்சிக்காரர், ஓவியரின் அப்பா. எழுபது தாண்டிய மனுஷர், செயலகத்தில் முப்பத்து நாலு வருஷம் கடைநிலை ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியே நச நசவென்று மழை. மழைக்கோட்டைக் கழற்றினார். என்னைப் போல நாற்காலியில் எறியவில்லை. உதறி, மேஜை ஓரத்தில் விரித்து, ஒரு பக்கத்தை அகலமாக விட்டு, மற்றதைக் குறுகலாக மடித்து மடித்து ஒரு பொட்டலமாக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அய்யா, நீங்க மடிக்கறதைப் பார்த்தா லாண்டரியே நடத்தலாம் போல."

அவர் சிரிக்கவில்லை. "இன்னிக்கு நாலு மணிம்மா" என்றார் வக்கீலம்மாவிடம். "என் பொண்ணு ஒட்டலை. ஒட்டினது யாருன்னு கண்டுபிடிச்சு எழுத்துல குடுங்க. எழுத்துல இருக்கணும். வாய்ல சொன்னா எடுபடாது."

மூன்று நாளாக இதையே சொல்கிறார். எழுத்தில், எழுத்தில். எனக்கு எரிச்சலாக இருந்தது. மகள் உள்ளே கிடக்கும்போது இவருக்குக் காகிதம்தான் முக்கியமா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

"ரெண்டு மணிக்கு வாங்க" என்றார் வக்கீலம்மா.

*

ஓவியர் வேலை செய்யும் அச்சுக்கூடம் மை வாடையோடு இருந்தது. நடுவில் பெரிய சக்கரம் வைத்த அழுத்தும் யந்திரம். அதை இயக்கும் அம்மாளை எல்லோரும் ரோலர் அக்கா என்கிறார்கள். கை முட்டி வரைக்கும் கறுப்பு. வருகிறவர்களை வா என்று சொல்கிற பழக்கம் கிடையாது.

"பன்னெண்டு பிரதி போட்டோம். பன்னெண்டும் இங்க இருக்கு. எண்ணிக்கோங்க." அகலமான இழுப்பறையை இழுத்தார். கெட்டியான வெள்ளைத் தாள்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலில் எண்ணும் கையெழுத்தும். எல்லாவற்றிலும் நட்சத்திரம் ஒழுங்காக இடப்பக்கம் இருந்தது. நிறம் பளிச்சென்று இருந்தது.

"யாராவது பதிமூணாவது போட்டிருந்தா?"

"முடியாது." படம் செதுக்குவதற்காக ரப்பர் மாதிரி லினோலியம் ஒட்டிய பலகையை எடுத்துக் காட்டினார். குறுக்கே ஆழமாக ஒரு வெட்டு. "பன்னெண்டு முடிஞ்சதும் கோடு இழுத்துடுவோம். அப்புறம் யாரு அச்செடுத்தாலும் இந்த வெட்டு விழும். வாங்கறவங்களுக்கு நாங்க குடுக்கற வாக்கு அது."

பலகையில் நட்சத்திரம் வலப்பக்கம் இருந்தது. என் மண்டைக்குள் விளக்கு எரிந்தது.

"மேடம், பிடிச்சிட்டேன். பலகையில இடம் வலமா செதுக்கினாத்தான் தாள்ல நேரா விழும். இவங்களுக்கு அது தெரியும். எவனோ ஒரு அரைகுறை, பிரிண்டைப் பார்த்து அப்படியே செதுக்கியிருக்கான். அச்செடுத்தா திரும்பி விழுந்துடுச்சு. தொழில் தெரியாதவன் வேலை."

வக்கீலம்மா ஒரு பிரதியை எடுத்தார். நாலாவது பட்டையில் கத்தி வழுக்கி ஒரு சின்னக் கீறல். புகைப்படத்தை நீட்டினார். அதிலும் நாலாவது பட்டையில் அதே கீறல்.

"காப்பியடிக்கறவன் கை தவறினதையுமா காப்பியடிப்பான்?"

"பரீட்சையில நான் அடிச்சிருக்கேன் மேடம்."

ரோலர் அக்கா முதல் தடவையாக என்னைப் பார்த்தார். மதிப்பாக அல்ல.

"அக்கா, இதை அச்செடுத்த அன்னிக்கு மழையா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"மூணு நாளா விடாத மழை. மை காயவே இல்லை. காயப்போட இடமும் இல்லை. சரின்னு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, நடுவுல நியூஸ்பிரிண்ட் தாள் வச்சோம். ஏன்?"

"அந்தத் தாள்கள் எங்க?"

"குப்பைத்தொட்டியில. வேற எங்க?"

மூலையில் ஒரு சாக்குப்பை. வக்கீலம்மா கையை விட்டு ஒரு தாளை உருவினார். மெல்லிய பழுப்புத் தாள். அதில் ஒரு கயிறு, ஒரு சட்டை, ஒரு கொடி. நட்சத்திரம் வலப்பக்கம். நிறம் வெளிறி. ஈர மை மேல் படுத்துக் கிடந்த தாள் படத்தை அப்படியே திருப்பி உறிஞ்சியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. தேசம் முதுகைக் காட்டுகிறது என்று ஒருவர் அரை மணி நேரம் உருகியதும், சாயம் போனதாகக் காட்டிவிட்டாள் என்று போலீஸ் எட்டுப் பக்கம் எழுதியதும், மை ஒத்தி எடுத்த கழிவுத் தாளைப் பற்றி.

வக்கீலம்மா சாக்கைக் கவிழ்த்து எண்ணினார். பதினொன்று.

"ஒண்ணு குறையுதே அக்கா."

"நல்ல பிரதியை எண்ணி வைப்போம். குப்பையை யாரு எண்ணுவா?"

"எடுத்தவங்களுக்கும் அது தெரிஞ்சிருக்கு" என்றார் வக்கீலம்மா மெதுவாக. "இங்க எதை எண்ணுவீங்க, எதை எண்ண மாட்டீங்கன்னு. அந்த வாரம் யாரெல்லாம் வந்தாங்க?"

"டிவியில பேசினாரே, அவர் ஒரு நாள் வந்தார். போகும்போது கக்கத்துல ஒரு சுருள் இருந்துச்சு. அப்புறம் அவ அப்பா தினம் மத்தியானம் சாப்பாடு கொண்டு வருவார். வேற யாரும் இல்லை."

"சுருளா?" நான் துள்ளினேன். "மேடம், தானே ஒட்டிட்டு, தானே டிவியில போய்ப் புகழ்ந்து..."

"போட்டோவைப் பாரு. தாள்ல குறுக்கும் நெடுக்கும் மடிப்பு இருக்கு. சுருட்டினா மடிப்பு விழாது."

"தாளை எவனாவது மடிச்சா நான் கையை உடைச்சிடுவேன்" என்றார் ரோலர் அக்கா. "இந்தத் தொழில்ல இருக்கற யாரும் மடிக்க மாட்டோம். குப்பையைக் கூடச் சுருட்டித்தான் போடுவோம்."

அந்தச் சமயம் பார்த்து நான் ஒரு கழிவுத் தாளைச் சாட்சிக்காகப் பாதியாக மடித்து, இன்னொரு பாதியாக மடித்து, சட்டைப் பையில் செருகிக்கொண்டிருந்தேன். இரண்டு பெண்களும் பார்த்த பார்வையில் என் கண்ணாடி வியர்த்தது. வக்கீலம்மா அதை என் பையிலிருந்து எடுத்துப் பிரித்தார். மடிப்பு நட்சத்திரத்தை இரண்டாகக் கிழிக்கிற மாதிரி அதன் நடுவில் ஓடியிருந்தது. அதைக் கோபிக்காமல், கவனமாகத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். இன்னும் இரண்டு தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

*

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எங்களைக் கண்டதும் பெருமூச்சு விட்டார்.

"வக்கீலம்மா, அந்தம்மாவே ஒத்துக்கிச்சு. நீங்க எதுக்கு மெனக்கெடறீங்க? இந்தக் கேஸ்ல ஒத்துக்கறதுக்குக் க்யூ நிக்குது."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நானும் சிரித்து வைத்தேன். வக்கீலம்மா சிரிக்கவில்லை. மூலத் தாளைப் பார்க்க வேண்டும் என்றார்.

அது கண்ணாடித்தாள் உறைக்குள் இருந்தது. புகைப்படத்தில் மங்கலாகத் தெரிந்த மடிப்புகள் இதில் தெளிவாகத் தெரிந்தன. என்னைப் போலப் பாதி, பாதியில் பாதி என்று மடித்தது இல்லை. ஒரு ஓரத்தில் ஒரு அகலப் பட்டை. மீதியெல்லாம் குறுகல் குறுகலாக, அளந்து வைத்தது போல. அகலப் பட்டைக்குள் நட்சத்திரம் முழுசாக உட்கார்ந்திருந்தது. அதன் மேல் ஒரு கோடு கூட விழவில்லை.

"கேமரா பார்த்தீங்களா?"

"செயலகக் கேமரா ரெண்டு வருஷமா ரிப்பேர்" என்றார் இன்ஸ்பெக்டர். "அந்த ஊர்வலத்துல இருந்து." சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்பது போலப் பேனாவைத் தேடினார்.

ஓவியரைப் பார்க்க ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். முப்பது வயதிருக்கும். விரல் நகங்களில் இன்னும் மை இருந்தது.

"ஒட்டினது நீங்கதானா?"

"நான்தான்."

"உங்க வேலையில ஒரு தாளையாவது மடிச்சிருக்கீங்களாம்மா?"

அவர் மை படிந்த விரல்களை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"இந்தத் தாளை இவங்க முதல்ல காட்டினப்போ நீங்க எதைப் பார்த்தீங்க? படத்தையா, மடிப்பையா?"

அவர் முகம் அப்படியே இடிந்துபோனது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. "கேஸை விட்டுடுங்க மேடம்" என்றார். "கெஞ்சிக் கேக்கறேன். வீட்டுல ஏற்கெனவே ஒருத்தன் போயிட்டான். அவனோட நிறுத்திக்கறோம்."

தம்பியைச் சொல்கிறார். அது எங்களுக்கு முன்பே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன், செயலகத்தை நோக்கிப் போன ஒரு ஊர்வலத்தில் கையில் தேசியக் கொடியோடு நடந்த பையன். வண்டியில் ஏற்றியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அப்படி யாரையும் நாங்கள் ஏற்றவே இல்லை என்கிறது அரசாங்கம். எந்தப் பதிவேட்டிலும் அவன் பெயர் இல்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "மேடம், யாரை அந்தம்மா காப்பாத்துது?"

"மழைக்கோட்டை நினைச்சுப் பாரு சோடாபுட்டி."

நினைத்துப் பார்த்தேன். பார்க்காமலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. ஆட்டோவில் வரும் வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அது சாதனை.

*

இரண்டு மணிக்குப் பெரியவர் வந்தார். வக்கீலம்மா ஒரு கழிவுத் தாளை மேஜையில் விரித்து வைத்திருந்தார்.

"அய்யா, இதைக் கொஞ்சம் மடிச்சு இந்தக் கவர்ல வைக்கறீங்களா? இவன் மடிச்சா கசக்கிடுவான்."

பெரியவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். தாளைப் பார்த்தார். நட்சத்திரம் எங்கே என்று முதலில் விரல் தேடியது. அந்தப் பக்கத்தை அகலமாக விட்டார். கீழேயிருந்து குறுகலாக ஒரு மடிப்பு, இன்னொன்று. பிறகு எதிர்ப் பக்கத்திலிருந்து குறுகலாக, நட்சத்திரத்தை நோக்கி. கடைசியில் நட்சத்திரம் மட்டும் மேலே தெரிய, கைக்கு அடக்கமான ஒரு பொட்டலம். யோசிக்கவே இல்லை. அந்தக் கைகளுக்குத் தானாகத் தெரிந்திருந்தது.

வக்கீலம்மா அதைப் பிரித்து, புகைப்படத்தின் பக்கத்தில் வைத்தார். கோட்டுக்குக் கோடு அதே. மறுபக்கத்தில் நான் மடித்த தாளை வைத்தார், நட்சத்திரம் இரண்டான தாளை.

"செயலகத்துல உங்களுக்கு என்ன வேலை அய்யா?"

அவர் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "காலையில கொடியை ஏத்துவேன். சாயங்காலம் இறக்கி மடிச்சு வைப்பேன். முப்பத்து நாலு வருஷம். நட்சத்திரத்து மேல மடிப்பு விழக்கூடாதுன்னு விதி." பிறகு கண்ணை மூடி, நீளமாக மூச்சு விட்டார். "அப்பாடா. மூணு நாள் எடுத்துக்கிட்டீங்களேம்மா."

நான் அவர் அழுவார், மறுப்பார், காலில் விழுவார் என்றெல்லாம் தயாராக இருந்தேன். இதற்குத் தயாராக இல்லை.

"உங்களைப் பிடிக்கறதுக்குத்தான் எங்களை வச்சீங்களா?" என்றேன்.

"ரெண்டு தடவை ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன் தம்பி. பொண்ணைக் காப்பாத்த அப்பன் கட்டற கதைன்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாங்க. ஒட்டினதைப் பார்த்தவங்க இல்லை. காவலாளி கைகால் கழுவப் போன நேரம். என்கிட்ட என்ன அத்தாட்சி இருக்கு? கை இப்படி மடிச்சு வச்சிருக்குன்னு எனக்கே தெரியலை."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே அய்யா."

"நீங்களும் டீ வாங்கிக் குடுத்திருப்பீங்க."

நிச்சயம் வாங்கிக் கொடுத்திருப்போம்.

"ஏன் ஒட்டினீங்க?"

"ரெண்டு வருஷமா அந்தக் கதவுக்குத்தான் போறேன். என் பையன் எங்கன்னு. நாளைக்கு வாங்கறாங்க. நான் தினம் திறந்து விட்ட கதவும்மா அது." தாளில் இருந்த சட்டையைத் தொட்டார். "பொண்ணு இந்தப் படத்தைப் போட்டா. அவன் சட்டை அது. நான் கேட்டா காதுல விழலை, கொடி போய்க் கேட்டா பதில் சொல்லுவாங்களோன்னு நினைச்சேன். அது திரும்பி விழுந்த தாள்னு நான் கவனிக்கவே இல்லை. அவமதிப்பாம். நானா?"

முப்பத்து நாலு வருஷம் ஒரு நட்சத்திரத்தின் மேல் கோடு விழாமல் பார்த்துக்கொண்ட மனுஷர். நான் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்ப்பது போல நின்றுகொண்டேன்.

வக்கீலம்மா அறிக்கையைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். தாள் கழிவு, கொடி திரும்பியதும் வெளிறியதும் ஈர மையின் வேலை, யாருடைய எண்ணமும் அல்ல, மடித்த கை யாருடையது. அவமதிப்பு நிற்காது, அரசுக் கட்டிடத்தில் அனுமதியில்லாமல் ஒட்டியது மட்டும்தான் நிற்கும் என்று பெரியவரிடம் சொன்னார்.

"அதை யாரும்மா முடிவு பண்ணுவாங்க?"

"கோர்ட்டு."

கோர்ட்டுக்கும் வக்கீலம்மாவுக்கும் உள்ள உறவு எனக்குத் தெரியும். அவர் பெரியவரின் கண்ணைப் பார்க்காமல் தட்டிக்கொண்டே இருந்தார்.

*

மூன்றரை மணிக்கு ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மூலத் தாளையும், பெரியவரும் நானும் மடித்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பெரியவரை இன்னொரு தடவை மடிக்கச் சொன்னார். மடித்தார். இந்தத் தடவை டீ வரவில்லை. ஓவியரை அழைத்துவரச் சொல்லிவிட்டு, வாக்குமூலத் தாளை எடுத்தார்.

வாசலில் வந்து நின்ற மகள், மேஜைக்கு எதிரே அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துகொண்டார்.

"ஏம்ப்பா? நான்தான் சொல்லிட்டேன்ல. ஏன் வந்தீங்க?" அந்தக் கோபத்தில் சுவரெல்லாம் அதிர்ந்தது. "எடுக்கறதுன்னா நல்ல பிரதியையாவது எடுத்திருக்கக் கூடாதா? அதுல எல்லாம் நேரா இருந்துச்சே. இந்தக் கேஸே வந்திருக்காதே."

"நீ பன்னெண்டும் எண்ணி வச்சிருப்பே" என்றார் பெரியவர். "ஒண்ணு குறைஞ்சா தேடுவே. இன்னொரு தடவை நீ தேடிக்கிட்டு அலைய வேண்டாம்னுதான் குப்பையில இருந்து எடுத்தேன்."

மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அழுகையை அடக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். "ஒட்டியதற்கான காரணம். சொந்த மனவருத்தம்னு போட்டுக்கறேன்."

"என் பையனைத் தேடின்னு போடுங்க சார். அவன் பேரைப் போடுங்க."

"அது இந்தக் கேஸுக்குச் சம்பந்தமில்லை பெரியவரே."

"காரணம் இல்லாத வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் தூக்கிக் கடாசிடுவார்" என்றார் வக்கீலம்மா. "அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதலைன்னா நாலு மணிக்கு உங்க கையில யாருமே இருக்க மாட்டாங்க. யோசிச்சுக்கோங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுத்தில் வேண்டும், எழுத்தில் வேண்டும் என்று மூன்று நாளாகக் கேட்டாரே, மகளுக்காக மட்டும் கேட்கவில்லை. இரண்டு வருஷமாக எந்த அரசாங்கக் காகிதமும் எழுத மறுத்த ஒரு பெயரை எழுத வைக்க அவருக்குக் கிடைத்த ஒரே வழி, தானே குற்றவாளியாக உட்காருவது.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் நின்ற காவலரைக் கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு எழுதினார். பெயர், அப்பா பெயர், வயது இருபத்து நாலு, எலெக்ட்ரீஷியன், ஊர்வலத்தின் தேதி, ஏற்றிய வண்டியின் நிறம். பெரியவர் முதுகை நிமிர்த்தி, ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"கடைசியா என்ன போட்டிருந்தான்?"

"நீலச் சட்டை சார். மேலேயிருந்து ரெண்டாவது பட்டன் மட்டும் வெள்ளை."

"மூணாவதுப்பா" என்றார் மகள். "ரெண்டாவது இல்லை. நான்தானே தைச்சுக் குடுத்தேன்."

இன்ஸ்பெக்டர் இரண்டு என்பதை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினார். அடித்த இடத்தில் கையெழுத்து வேண்டும் என்று தாளைத் திருப்பி வைத்தார். பெரியவர் போட்டார். பேனாவை மகள் வாங்கி, அவர் கையெழுத்துக்குக் கீழே தானும் போட்டார்.